தொண்ணூற்றைந்து கிலோ சூடு

“இன்னைக்கும் தொண்ணூத்தஞ்சு கிலோவா?”

காரின் பின்கதவைப் படாரென்று சாத்திவிட்டு நர்ஸ் கேட்டாள். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டியூட்டி முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முன் சீட்டில் இருந்த அவள் அப்பாவும் புருஷனும், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நாலு ஞாயித்துக்கிழமையா இதே கதை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு நான்தான் காவலா? வெயில் மண்டையைப் பிளக்குது!”

அவள் ‘கிலோ’ என்றதற்குக் காரணம் உண்டு. புருஷன் எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிறவன். தெருவில் அவன் பெயரே ‘தராசு’தான். மாமனாரின் பழைய காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் செத்துப்போய், ஒருநாள் வண்டி கொதித்து நடுரோட்டில் நின்றதும், அவனே ஒரு டிஜிட்டல் மீட்டர் செய்து மாட்டினான். இன்ஜினில் ஒரு சென்சார், ஒரு சின்ன போர்டு, சோப்பு டப்பாவுக்குள் பழைய தராசிலிருந்து பிடுங்கிய சிவப்பு எண்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த ‘கிலோ’ மட்டும் என்ன சுரண்டியும் போகவில்லை.

“இன்ஜின் எத்தனை கிலோ சூடுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளும்மா” என்று முதல் நாளே வாரினார் மாமனார். அவனோ பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று பேருக்கும் ஒரே வீடு. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனாலும் கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே நர்ஸ் வழியாகத்தான். நடுவில் தபால்காரி வேலை பார்த்தே அவள் அலுத்துப்போனாள்.

மீட்டர் வந்த பிறகுதான் அந்தக் கதை மாறியது.

“நம்பரை நான் பார்த்தா, ரோட்டை யாரு பார்க்கறது? உன் வீட்டுக்காரரையும் வரச் சொல்லு” என்றார் மாமனார். அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். அவர் ஓட்ட, இவன் எண்ணைப் படிக்க, ஞாயிறுதோறும் நர்ஸை அழைத்துவரக் கிளம்பினார்கள். மேட்டில் பாதி ஏறியதும் தொண்ணூற்றைந்து! அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்பது தராசு போட்ட சட்டம். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, இருபது நிமிஷமாவது ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார வேண்டும்.

எவ்வளவு நேரம்தான் ஆகாயத்தையே பார்ப்பது? முதல் வாரம் மாமனார், இதே மேட்டில் தன் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொன்னார். அடுத்த வாரம் தராசு, எறும்புக் குடும்பம் குடியேறிய மீன்கடைத் தராசின் கதையைச் சொல்ல, அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மூன்றாவது வாரம் வாய் நிறைய “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டார். தராசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போது அந்த ‘மாப்பிள்ளை’க்குத்தான் ஆபத்து.

“சென்சாரைக் கொதிக்கிற தண்ணில போட்டா சரியா நூறு காட்டுது” என்று வீட்டில் மனைவியிடம் புலம்பினான். “மெக்கானிக்கும் இன்ஜின்ல ஒரு குறையும் இல்லைங்கறான்.”

“அப்ப வண்டில வெச்சா உங்க மீட்டர் பொய் சொல்லுது. அப்பாகிட்ட சொல்லிட்டு, கடையில வாங்கி மாட்டுங்க.”

“இப்பதான்டி மாப்பிள்ளைன்னு கூப்பிடறாரு. ‘இவன் சோப்பு டப்பாவை நம்பி ரோட்டுல உட்கார்ந்தேனே’ன்னு பழையபடி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா?”

“அதுக்காக நான் வெயில்ல வேகணுமா? நீங்களே சொல்லுங்க. இந்தத் தபாலை மட்டும் நான் கொண்டுபோக மாட்டேன்.”

அடுத்த ஞாயிறு. அதே மேடு, அதே வளைவு. எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து.

மாமனார் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். “இறங்குங்க மாப்பிள்ளை. போன வாரம் அந்த நகைக்கடைத் தராசு கதையைப் பாதில விட்டுட்டீங்க.”

தராசு இறங்கவில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லணும். இன்ஜின்ல ஒண்ணும் இல்ல. நான் செஞ்ச மீட்டர்தான் தப்பாக் காட்டுது போல. வாராவாரம் உங்களை வீணா ரோட்டுல உட்கார வெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. நாளைக்கே புதுசா வாங்கி மாட்டிடறேன்.”

மாமனார், திருட்டுத்தனம் வெளிப்பட்ட ஆள் மாதிரி அசடு வழிந்தபடி, ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். ‘டிக்’கென்று ஒரு சத்தம். முன்னால், இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் ஃபேன் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

“உங்க மீட்டர் தங்கம், மாப்பிள்ளை! மேடு ஏறும்போது ஃபேனை அணைச்சுடறது நான்தான். வீட்ல நீங்க என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கறீங்க, நான் வேற என்னதான் பண்றது?”