கதவில் தொங்கிய அட்டை

"மறுபடியும் அந்த அட்டையை மாட்டிட்டியா?" என்றார் தலைவர்.

மனைவி கதவைப் பூட்டினாள். 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டை கைப்பிடியில் ஆடியது.

முப்பதாவது கல்யாண நாள். பக்கத்து நகரத்தில் ஓர் ஓட்டல், மூன்றாவது மாடி அறை, சனியும் ஞாயிறும். ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது மனைவி. இருபத்தொன்பது கல்யாண நாள்கள் ஊர்வலத்திலும் மில் வாயிற்கூட்டத்திலும் போயிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

மில் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் தலைவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் தலைவர்தான். மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் நக்கல் இருக்கும்.

"நேத்தும் மாட்டினே. கூட்டிப் பெருக்க வர்றவங்க எதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க? என் பனியனையா?"

"உங்க பனியனை யாரும் தொட மாட்டாங்க தலைவரே. நடங்க."

"உழைக்கிறவங்களைத் திருடங்க மாதிரி பாக்குறது முதலாளி பொண்டாட்டிங்க பண்ற வேலை. எனக்கு வாக்கப்பட்டவ பண்ணலாமா?"

"படுக்கையை நானே தட்டி விரிச்சாச்சு. அவங்க வந்து செய்ய என்ன இருக்கு?"

"அது வேறயா? மானத்தை வாங்குற."

லிஃப்ட் கீழே இறங்கும் வரை வர்க்க உணர்வு பற்றிப் பேசினார். ஏரிக்கரையில் படகுக்காரரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை என்று விசாரித்தார்.

"ஏறுறீங்களா, இல்லையா சார்?" என்றார் படகுக்காரர்.

ஒரு காலைப் படகில் வைத்தவர் சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடியை ரூம்லயே விட்டுட்டேன்."

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "கண்ணாடி எதுக்கு? ஏரி பெரிசாத்தான் இருக்கு, தெரியும்."

"எதுத்தாப்லதானே ஓட்டல். ரெண்டு நிமிஷம்."

"நில்லுங்க, நான் எடுத்துட்டு வரேன்."

"முட்டி வலியை வெச்சுக்கிட்டு நீ எங்க போற?" அதற்குள் பாதி தூரம் போயிருந்தார்.

கதவைத் திறந்தார். திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. கட்டிலில், ஓட்டல் சீருடையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைச் சுவர் ஓரமாக ஒழுங்காக விட்டிருந்தாள்.

"யாரும்மா நீ?"

அவள் துள்ளி எழுந்தாள். அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள்.

"சார், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க சார். இன்னைக்கே நிறுத்திடுவாங்க."

மில்லில் பகல் ஷிப்ட்டுக்கு அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்று பதினொரு நாள் பட்டினி கிடந்து வாங்கிக் கொடுத்தவர் தலைவர். அதற்காக மில் முதலாளி பொய் வழக்குப் போட்டு அவரை ஏழு மாதம் உள்ளே தள்ளினார். இன்றைக்கும் எந்த மேடை ஏறினாலும் அந்த அரை மணி நேரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அவர் ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"ஓய்வு வேணும்னா கேட்டு வாங்கணும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அடுத்தவன் கட்டில்ல ஏறிப் படுக்கிறது ஓய்வு இல்லம்மா, ஒழுங்கீனம்."

"ரிசப்ஷன். சொல்லுங்க சார்," என்றது ஃபோன்.

வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். மூச்சு வாங்கியது.

"நான்தான் படுக்கச் சொன்னேன்."

தலைவர் ஃபோனைக் கையால் பொத்தினார்.

"அட்டை தொங்குற ரூமை சூப்பர்வைசர் திறந்து பாக்க மாட்டாரு. ரெண்டு நாளா அதுக்குத்தான் மாட்டினேன்."

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

தலைவர் விழித்தார். "ஒண்ணுமில்ல... ஒரு தலையணை வேணும்."

"அதையும் இவதான் தூக்கிட்டு வரணும்," என்றாள் மனைவி.

"வேண்டாம்," என்று ஃபோனை வைத்தார்.

மனைவி அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. படும்மா."

"தூக்கம் போயிடுச்சுக்கா," என்று அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

தலைவர் கண்ணாடியைத் தேடினார். அது மேஜை மேல்தான் இருந்தது.

"அவளா வந்து உன்கிட்ட அழுதாளா?"

"அழணுமா? ஒரு ஆளுக்குப் பதினாறு ரூம். பத்தாவது ரூம்ல இடுப்பு போயிடும். பதிமூணாவதுல முட்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க உள்ள இருந்த ஏழு மாசமும் சங்கம் வீட்டுக்கு அரிசி அனுப்புச்சுன்னு மேடைக்கு மேடை சொல்றீங்களே. ஒரு மூட்டை வந்துச்சு. அது தீந்ததும் தினம் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து இந்த மாடியைத்தான் பெருக்கினேன்."

தலைவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... உன்னைப் படுக்கச் சொல்ல யாராவது இருந்தாங்களா?"

"ஒரே ஒரு தடவை. கல்யாண நாளுக்குன்னு வந்து தங்கியிருந்த ஒரு அம்மா. என் கால் வீங்கியிருக்கிறதைப் பாத்துட்டு, 'நாங்க சாயங்காலம்தான் வருவோம், படுத்துக்கோ'ன்னு சொல்லி அட்டையை மாட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்கு என்னை யாருன்னு தெரியாது. எனக்கு அவங்களைத் தெரியும்."

"யாரு?"

"காலையில நீங்க சரியாத்தான் சொன்னீங்க தலைவரே, இது முதலாளி பொண்டாட்டிங்க பண்ற வேலைன்னு. அது உங்க மில் முதலாளி பொண்டாட்டி."