ஒன்றை அமுக்கினால் பட்டியல்

மேனேஜரின் இருமல் கேட்டதும் லிஸ்ட் அக்காவின் விரல்கள் கீபோர்டின் மூலைக்குப் பாய்ந்தன.

ஜன்னல் படம் போட்ட கீ, கூடவே எண் ஒன்று. சேர்த்து அமுக்கினால் சரக்குப் பட்டியல் வந்து திரையை மூடிக்கொள்ளும். அடியில் இருக்கும் ராஜினாமாக் கடிதம் யார் கண்ணிலும் படாது.

அந்தக் கடிதத்துக்கு வயது ஆறு.

மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது சரக்கு ஆபீஸில் எல்லாரும் டீ குடிப்பார்கள். பட்டியல் அடிக்கிற லிஸ்ட் அக்கா மட்டும் கடிதத்தைத் திறந்து இரண்டு வரி திருத்துவாள். கொடுப்பதற்காக இல்லை. கொடுத்துவிட்டு நாற்பத்தெட்டு வயதில் எங்கே போய் நிற்பது? வீட்டில் அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான். ஆனாலும் எழுதி வைத்தால் மனசுக்கு ஒரு தெம்பு.

ஆரம்பத்தில் மூன்று பக்கம் இருந்தது. பாழாய்ப்போன அதிர்ஷ்டம், காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தன. முதுகை ஒடிக்கும் நாற்காலியைப் பற்றி ஒரு பத்தி எழுதி இரண்டு வாரம் ஆகவில்லை, புது நாற்காலி வந்து இறங்கியது. உச்சந்தலையில் ஏசி கொட்டுவதை உருக்கமாக எழுதினாள், ஏசியைத் திருப்பிவிட்டார்கள். சனிக்கிழமை முழுநாள் வேலையைக் கிழிகிழியென்று கிழித்த பத்திதான் அவளுக்கே ரொம்பப் பிடித்தது. அதையும் அரைநாளாக்கிக் கெடுத்தார்கள்.

இப்போது மிச்சம் ஐந்தே வரி. ‘மதிப்பிற்குரிய ஐயா’வையும் ‘இப்படிக்கு’வையும் சேர்த்து. கமாவை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நாள் ஓடுகிறது.

மேனேஜருக்குத் தெரிந்தால் தொலைந்தது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி வருகிறவர். நல்லவேளை, கடவுள் அவருக்கு அந்த இருமலைக் கொடுத்திருந்தார்.

நேற்று கம்ப்யூட்டர்காரர் வந்து எல்லா மெஷினிலும் புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனார். திரையின் அடியில் இடது ஓரத்தில் சமர்த்தாக இருந்த டாஸ்க்பார் படங்கள் நடுவுக்குப் போய், வரிசையும் மாறி உட்கார்ந்திருந்தன. கடிதம் எழுதும் வேர்டு முதலாவது. பட்டியல் நான்காவது, இனி அதற்கு நாலை அமுக்க வேண்டும். யார் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் ஒரே வரிசை இருக்க வேண்டும், தொடக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

லிஸ்ட் அக்கா காலையிலிருந்து பாடம் படித்தாள். நாலு, நாலு என்று முணுமுணுத்தாள். சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டினாள். மண்டைக்குள் நன்றாகவே ஏறிவிட்டது. விரலுக்கு யார் எடுத்துச் சொல்வது?

விரல் ஒன்றைத்தான் அமுக்கியது.

கடிதம் கீழே போய் ஒளிந்தது. சரி, பட்டியல் எங்கே? காணோம். வெறும் நீலத் திரை.

வெறும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை எந்த மேனேஜர் சும்மா விடுவார்? பதறிப்போய் மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் ஒன்று.

கடிதம் திரை முழுக்க வந்து நின்றது.

அதற்குள் மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்தாயிற்று. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஐந்து வரி படிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? லிஸ்ட் அக்காவுக்கு, இத்தனை வருஷ வேலை ஒரு விரலால் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

“சார், அது வந்து... சும்மா பொழுதுபோகாம...”

அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. மவுஸைத் தன் பக்கம் இழுத்து, கடிதத்தை மேலே உருட்டினார். கீழே உருட்டினார். அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். கொஞ்சம் ஏமாற்றம்தான் இருந்தது.

“என்னம்மா, ரெண்டு மாசமா புதுசா ஒண்ணுமே எழுதலையா?”