பூங்கோதை போட்ட ஓட்டை

கோவை பட்டறையில் பூங்கோதைக்கு நாள் முழுக்க ஒரே வேலைதான்: சின்ன உலோகத் தகட்டில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஓட்டை போடுவது. விளிம்பில் துளி பிசிறு தெரிந்தாலும் தகட்டைக் கழித்துவிடுவாள். முதலாளி கத்தினாலும் கேட்கமாட்டாள்.

"நாள் பூரா உக்காந்து ஒரு ஓட்டை! அதுக்கா இத்தனை அலுப்பு?" என்று புருஷன் சென்னியப்பன் தினமும் சிரிப்பான்.

இருமல் நிற்காமல் ஒருநாள் அவன் பூங்கோதையோடு ஆஸ்பத்திரிக்குப் போய் மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதினான். மூச்சு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசிமுனை ஓட்டை வழியே சீறிப் பாய்ந்தது. பாய்ந்த கணமே பனியைவிடக் குளிர்ந்தது. அதில் கலந்திருந்தவையெல்லாம் தனித்தனிக் கோடுகளாகத் திரையில் வந்து நின்றன.

டாக்டரம்மா ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டார். "நுரையீரல்ல கட்டி இப்பத்தான் முளைக்குது. மாத்திரையிலயே கரைச்சிரலாம். ஓட்டையில பிசிறு இருந்திருந்தா இந்தக் கோடு கலங்கிப் போயிருக்கும். நாம பாத்திருக்கவே மாட்டோம்."

பூங்கோதை குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். ஓட்டை இருந்த தகட்டின் ஓரத்தில் அவள் வழக்கமாகப் பொறிக்கும் மூன்று புள்ளிகள். புருஷனுக்கு விரலால் காட்டினாள்.

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அது எங்க வீட்டுக்காரி போட்ட ஓட்டைங்க டாக்டரம்மா! நாள் பூரா உக்காந்து போடுவாளுங்க!"