இரவல் பார்சல்

பார்சலைப் பிரித்த கத்தி, உள்ளே இருந்த புத்தகத்தின் அட்டையையும் கிழித்துவிட்டது. நூலக ஊழியர் சட்டென்று கத்தியைக் கீழே போட்டார்.

"நம்மகிட்ட இல்லாத புத்தகம்யா. இன்னொரு பல்கலைக்கழகத்துக்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியிருக்கேன். கீறல் விழுந்தா உனக்கு வேலை இருக்காது" என்று நூலகர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஒளித்து வைப்பதற்குள் அவரே வந்து பிடுங்கினார்.

"ஐயா, பிள்ளைகுட்டிக்காரன், கை தவறிப்போச்சு..."

நூலகர் கிழிசலைப் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"நம்ம முத்திரை மாதிரி இருக்கே ஐயா?"

"கத்தாதேய்யா, கதவைச் சாத்து! எப்பவோ நான்தான் அவங்களுக்கு இரவல் அனுப்பியிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன்."

"அதுக்கு ஏன் ஐயா இப்படிப் பதறுறீங்க?"

"இதைக் காணோம்னுதானே உனக்கு முன்னால இந்த வேலையில இருந்தவனைத் திருடன்னு சொல்லித் துரத்தினேன்!"