அக்கரையில் ஒன்பது பேர்

"பேர் சொல்லுங்க," என்றாள் நோன்னா, தலையை நிமிர்த்தாமல்.

"போன வியாழக்கிழமையும் சொன்னேன்."

"ஒவ்வொரு மனுவுக்கும் சொல்லணும்."

"யெவ்லாம்பியா லுகினிச்னா. எழுபத்தெட்டு வயசு. அக்கரை, கோட்டைத் தெரு, நாலாம் நம்பர். போதுமா?" கிழவி ஈரத் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் மஞ்சள் களிமண் தடம்.

மாவு வியாபாரி ஒருவர் கட்டிய வீடு அது. புரட்சிக்குப் பிறகு சோவியத் அலுவலகமாகி, இப்போது நகர நிர்வாக அலுவலகம். வாசல் பலகை மூன்று முறை மாறிவிட்டது, கூரையை யாரும் மாற்றவில்லை. மூலையில் வைத்த வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நோன்னாவின் மேசைக்கு அடியில், வெப்பக் குழாயை ஒட்டி ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. அடிப்பாகத்தில் மஞ்சளாக மண் அப்பியிருந்தது.

"படகை நிறுத்தாதீங்க. அதான் மனு."

"மாகாண உத்தரவு. பதிவான ஆளுங்க பத்துக்குக் குறைஞ்சா படகு கிடையாது. அக்கரையில ஒன்பது பேர். இந்தப் பருவத்தோட சரி."

"ஊரே அங்கதான் ஆரம்பிச்சுது. வியாபாரிங்க துறையை இந்தப் பக்கம் மாத்தினப்புறம்தான் இங்க ஆள் வந்துச்சு."

"தெரியும்."

"உங்க முத்திரையில என்ன இருக்கு? படகு. அந்த முத்திரையைக் குத்தித்தான் படகை நிறுத்தப்போறீங்க."

நோன்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் இது மூன்றாவது முறை.

"கடிகாரத்தை ஏன் பாக்கறீங்க? அஞ்சு மணிக்குக் கடைசிப் படகு. அதுக்குள்ள நானே போயிடுவேன், பயப்படாதீங்க."

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் மெல்லச் சிரித்தார். போன கோடையில் இந்த ஊரில் வீடு வாங்கிய மாஸ்கோக்காரர், விறகு வெட்ட அனுமதி கேட்டு வந்திருந்தார். மேசை மேலிருந்த பெயர்ப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, தகப்பன் பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார்.

"நோன்னா வெனியமினொவ்னா, ஒரே ஒரு ஆள்தானே குறையுது? யாரையாவது சேர்த்துக்கக் கூடாதா?"

"பதிவேட்டுல இருக்கணும். திங்கட்கிழமை காலையில பதிவேடு மாகாணத்துக்குப் போகுது. அதுல எத்தனை பேரோ அதுதான் கணக்கு."

"என் மக இருக்காளே," என்றாள் லுகினிச்னா. "இருபது வருஷமா என்கூடத்தான் இருக்கா."

நோன்னா பக்கத்தைப் புரட்டினாள். "அவங்க பதிவு இந்தக் கரையில இருக்கு. ஆலை விடுதியில ஒரு அறை."

"அது அரசாங்க வீட்டு வரிசைக்காக. பதினாறு வருஷமா வரிசையில நிக்கிறா. இப்பத்தான் நாலாவதா வந்திருக்கா. பதிவை அக்கரைக்கு மாத்தினா, 'உனக்குத்தான் அம்மா வீடு இருக்கே'ன்னு பேரை அடிச்சிடுவீங்க."

"ஆமா. விதி அதுதான்."

"நாலாவதுன்னா எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டார் மாஸ்கோக்காரர்.

"கடைசியா வீடு கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு," என்றாள் நோன்னா.

"அப்ப உங்க மக பேரப்பிள்ளைக்குத்தான் சாவி கிடைக்கும் பாட்டி. பேசாம வந்து பதிஞ்சுக்கச் சொல்லுங்க. பெத்த அம்மாவுக்கு இதுகூடச் செய்ய மாட்டாளா?"

"என் மகளைப் பத்தி நீங்க பேசாதீங்க. நான் அவகிட்ட கேக்கல, கேக்கவும் மாட்டேன். அவளுக்குன்னு உள்ளது அந்த வரிசை ஒண்ணுதான்."

நோன்னா மாஸ்கோக்காரரின் தாளை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வன இலாகா கையெழுத்து இல்ல. அடுத்த வியாழன் வாங்க."

"அதுக்குள்ள பனி விழுந்துடும்."

"விழும்."

அவர் முணுமுணுத்தபடி தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டர் இந்தக் கரையில இருக்காரு," என்றாள் லுகினிச்னா, இப்போது தணிந்த குரலில். "பாலத்தைச் சுத்தி வந்தா நாப்பது கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் வெனியமினுக்கு நெஞ்சு வலி வந்தப்ப படகு இருந்துச்சு. அதனால இன்னும் ஏழு வருஷம் இருந்தாரு. எனக்கு வந்தா?"

நோன்னாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, எழுத வேண்டியதை எழுதி முடித்தாள். முத்திரையில் ஊதி, தாளின் ஓரத்தில் அழுத்தினாள். நீல மையில் சின்னதாக ஒரு படகு விழுந்தது. அதன் கீழே: மனு நிராகரிக்கப்பட்டது.

"மறுப்பு கிடைச்சதுன்னு இங்க கையெழுத்துப் போடுங்க."

கிழவி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். "பத்து வியாழக்கிழமை வந்தாச்சு. இனி வரமாட்டேன்."

மணி நாலே முக்கால். நோன்னா முத்திரையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். அலமாரியிலிருந்து நிரப்பாத படிவம் ஒன்றை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பூட்ஸை இழுத்து, பாதி ஈரமாக இருந்ததையே மாட்டிக்கொண்டாள்.

"என்ன தாள் அது?" என்று கேட்டாள் கிழவி.

நோன்னா விளக்கை அணைத்தாள்.

"என் பதிவை நம்ம வீட்டுக்கு மாத்தத்தான். எந்திரிம்மா, படகு போயிடும்."