பழுதான ட்ரையல் ரூம்

"இந்த ட்ரையல் ரூமைப் பூட்டச் சொன்னது யாரு?"

மேனேஜர் கேட்ட கேள்வியில் துணிக்கடையின் மூன்றாம் மாடியில் சட்டை மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண்கள் ஏழு பேரும் கையை நிறுத்தினார்கள்.

கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை. பூட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு மடக்குக் கட்டில், உறைகூடப் பிரிக்காத தலையணை, தண்ணீர் பாட்டில்.

வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறவர் மேனேஜர். இங்கே என்னடாவென்றால் படுக்கையே போட்டிருக்கிறார்கள்.

"நான்தான் சார் பூட்டினேன்" என்று முன்னால் வந்தாள் பட்டாசு. வாய்க்காகக் கிடைத்த பெயர் அது.

"உனக்கென்ன கேடு? கல்லு மாதிரிதானே இருக்கே?"

"எனக்கில்லை சார். நம்ம மாடியில ஒருத்தருக்கு உடம்பு முடியலை. பார்க்க நல்லாத்தான் இருப்பாங்க. ராத்திரி பூரா தூங்கினாலும், மூட்டை சுமந்த மாதிரி எழுந்திரிப்பாங்க. நடுவுல கொஞ்சம் படுத்தாத்தான் மிச்ச நேரம் ஓட்ட முடியும்னு டாக்டரே சொல்லிட்டார்."

"சோம்பேறித்தனத்துக்கு இப்பல்லாம் வியாதின்னு பேரு." மேனேஜர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"நரம்பில்லாத நாக்குன்னு எதையும் பேசாதீங்க சார். நோயை மறைச்சுக்கிட்டு தினமும் வேலைக்கு வர்றவங்க சோம்பேறியா?"

"வாயை மூடு. கட்டிலை வெளியே தூக்கிப் போடு."

"போட மாட்டேன். ஏழு பேரும் சேர்ந்து வாங்கினது. கட்டில் போனா நாங்க ஏழு பேரும் கூடவே போவோம். அப்புறம் நீங்களும் முதலாளியும் நின்னு சட்டை மடிங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனேஜரின் முகம் சிவந்தது.

"முதலாளி வந்துக்கிட்டே இருக்கார். இதைப் பார்த்தா என் தலைதான் உருளும். யாரு அந்த சீக்காளி? பேரைச் சொல்லு, இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்."

பட்டாசு கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள்.

"அப்ப உங்க சீட்டை நீங்களே கிழிச்சுக்குங்க சார். மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வர்றது நீங்கதானே? உங்க வீட்டம்மா எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டாங்க. பேசாம உள்ளே போய்ப் படுங்க. முதலாளி வந்தா, ரூம் பழுதுன்னு நான் சொல்லிக்கறேன்."