கத்சுமியின் மணிக்கட்டு

"பாக்டீரியாவுக்குச் சாராயம் ஊத்துவியாக்கா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். புதுத் தொட்டிக்கு முதல் நாள் ஒரு கிண்ணம் சாகே ஊத்தாம எந்த வீட்டுலடா நீலம் போட்டாங்க? உள்ள இருக்கறவங்க கோவிச்சுக்கிட்டாங்க."

தொக்குஷிமாவில் தெரு முழுக்கக் கேட்ட சண்டை இது. அவுரி ஊறும் பழைய தொட்டியிலிருந்த நுண்ணுயிரை எடுத்து, லாரி உயர எஃகுக் கலனில் பெருக்கியிருந்தான் கத்சுமி. ஒசாகாவுக்குப் போகவேண்டிய துணியை அதில் முக்கினால் நீலமே ஏறவில்லை. அந்த ஆர்டர் போனால் சாயப் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"யாரு இருக்கா? நீயே பாரு" என்று கலனின் ஏணியில் ஏறி, முழங்கை வரை கையை உள்ளே விட்டான்.

அக்கா ஹிசாயோ பார்த்தாள். துணியில் ஏறாத நீலம் அவன் கையில் ஏறியது; வெளியே வந்த கை, காற்றுப் பட்டதும் பச்சையிலிருந்து நீலமானது. மணிக்கட்டைச் சுற்றி மட்டும், யாரோ இறுக்கிப் பிடித்த விரல்களின் அளவுக்கு, வெள்ளையாகவே இருந்தது.

அவள் போய் சாகே கொண்டுவந்து ஊற்றினாள். மாலையில் துணியில் நீலம் ஏறிவிட்டது. பட்டறை இன்றும் நடக்கிறது.

கத்சுமி நகோயாவுக்குப் போய், அங்கேயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். கையிலிருந்த நீலம் சில வாரங்களில் போய்விட்டது. கோடை வெயிலில் கை கறுத்தாலும் மணிக்கட்டில் அந்த விரல் தடம் மட்டும் கறுப்பதில்லையாம். கடிகாரம் கட்டினால் மறைந்துவிடுமே என்று மனைவி சொல்லிப் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தை அவன் யாரையும் தொட விடுவதில்லை.